பச்சை மை

புதிய இசைத்தட்டுகளை வால்திமார்
கண்ணாடிக் கதவுக்குள் பூட்டியிருப்பான்,
செலோபேன் பிரியாமல்.
எனக்கும் அவற்றுக்கும் பேச்சுவார்த்தை இல்லை.
தரையிலிருக்கும் வாழைப்பழப் பெட்டிகள்தான் என் பக்கம்.
குத்தவைத்துத் தள்ளிக்கொண்டே போனால்
விரல்நுனி கறுத்துவிடும்.

அங்கேதான் முதலாவது:
ஒரு கந்தோம்பே முரசுத்தட்டு.
உறையின் பின்னால் பச்சை மையில்,
'மூன்றாவது பாட்டில் துள்ளும். முள்ளைத் தூக்கி வை.'
வீட்டில் போட்டேன். துள்ளியது.
தூக்கி வைத்தேன்.

அடுத்த வாரம் மால்தோனாதோ தெரு, நிலவறைக் கடை,
ஒரு டாங்கோ:
'அக்காவுடையது. திருப்பிக் கொடுக்கவில்லை.'
ஞாயிற்றுச் சந்தையில்
துருப்பிடித்த குழாய்களுக்கும் பூட்டுகளுக்கும் நடுவே:
'இரண்டாம் பக்கம் வேண்டாம்.'
இரண்டாம் பக்கத்தை மட்டும் ஒன்பது தடவை கேட்டேன்.

மொந்தேவிதேயோ முழுக்க யாரோ ஒருவரைப்
பெட்டி பெட்டியாய் இறைத்துவிட்டிருந்தார்கள்.
செத்திருப்பார் என்று முடிவுகட்டியிருந்தேன்;
பேரம் பேச அது வசதி.

நேற்று மழை. கிரிசெல்தாவின் கடை.
எதிர்ப் பெட்டியில் ஒரு பெண்,
அக்குளில் மாத்தே தேநீர் ஃபிளாஸ்க்,
இரு கையாலும் தள்ளித் தள்ளி
என் கையிலிருந்ததைப் பார்த்தாள். நின்றாள்.
'எடுத்துக்கொள்கிறீர்களா, அதை?'
சட்டைப்பையில் பச்சைப் பேனா.

ஆமாம் என்றேன், வெட்கமில்லாமல்.
'அப்படியானால் முதல் பாட்டுக்குச் சத்தத்தைக் குறையுங்கள்,
கீழ்வீட்டு ஆள் கதவைத் தட்டுவார்.'
பிறகு அவள் அவள் பெட்டிக்கு,
நான் என் பெட்டிக்கு.

எனக்குக் கீழே இருப்பது மீன்கடை.
ஏழு மணிக்கே பூட்டிவிடுவார்கள்.
இருந்தும் குறைத்தேன்.