ஆறு ஈயக்குண்டுகள்

வார்டோ துறைமுகத்தில் முப்பத்தெட்டு வருஷம்
காட் மீனுக்கு எடை போட்டவன் நான்.
மீன் வயிற்றில் கல்லைத் திணித்துக் கொண்டுவருவார்கள்.
தூக்கும்போதே கைக்குத் தெரிந்துவிடும்.
யாரையும் காட்டிக்கொடுத்ததில்லை;
கல்லை எடுத்துக் கீழே போடுவேன், அவ்வளவுதான்.

இப்போது மாதம் ஒருமுறை
என்னை நிறுக்கிறார்கள்.
"காலணியைக் கழற்றுங்கள், தோர்லைவ்" என்பாள் நர்ஸ் சுன்னிவா.
குளிர் என்பதால்
கோட்டைக் கழற்றச் சொல்வதில்லை.

நாற்பதில் எனக்குத் தொப்பை இருந்தது.
அன்றைய டாக்டர் விரலை ஆட்டினார்:
குறை, குறை.
வெண்ணெயை விட்டேன். ரொட்டியைப் பாதியாக்கினேன்.
போகச் சொன்னபோது போகாத விருந்தாளி
எழுபத்தொன்பதில்
சொல்லாமல் கிளம்பிவிட்டான்.

முதலில் மோதிரம் கழன்றது.
பிறகு பெல்ட்டில் ஆணியால் நானே போட்ட துளைகள், மூன்று.
போர்கில்ட் போன பின்
ஒரே ஓர் உருளைக்கிழங்குக்காக
அவ்வளவு தண்ணீரைக் கொதிக்கவைக்க மனசு வரவில்லை.

கொழுப்புதானே, போகட்டும் என்றிருந்தேன்.
போனது தொடை.
நாற்காலியைவிட்டு எழ
மேஜையிடம் அனுமதி கேட்கவேண்டியிருக்கிறது.
பனியில் ஒருமுறை விழுந்தேன்:
எலும்புக்கும் தரைக்கும் நடுவே
சமாதானம் பேச யாருமில்லை.

"இந்த வயதில் கொஞ்சம் சதை, கையிருப்பு மாதிரி.
காய்ச்சல் வந்தால் அதிலிருந்துதான் எடுத்துச் செலவழிக்க வேண்டும்.
ஐம்பத்தெட்டுக்குக் கீழே போனால்
முதியோர் இல்லம் பற்றிப் பேசலாம்."
தராசைப் பார்த்துச் சொன்னாள், என்னைப் பார்க்காமல்.

அதனால்தான் இது:
கோட்டின் உள்பையில் தூண்டில் ஈயம், ஆறு குண்டு.
ஐம்பத்தொன்பது புள்ளி நான்கு.

இன்று அவள் எழுதவில்லை.
கோட்டின் ஓரத்தை இரண்டு விரலால் தூக்கினாள்,
செவுளைத் தூக்கிப் பார்ப்பதுபோல.
ஒன்றும் சொல்லவில்லை.
ஹால்வார் மகள் அல்லவா.
ஒரு மார்ச் மாதம் அவன் மீனிலிருந்து நான் எடுத்த கல்
இன்னும் துறையடியில் கிடக்கும்.

குண்டுகளை ஒவ்வொன்றாக மேஜைமேல் வைத்தேன்.
ஐம்பத்தேழு புள்ளி ஒன்று.
எழுதிக்கொண்டாள்.
"வியாழக்கிழமை எத்தனை மணிக்குச் சாப்பிடுவீர்கள்?"
நாலு மணிக்கு, என்றேன்.
பொய். வியாழக்கிழமைகளில் காப்பி மட்டும்தான்.
"பெரிய பாத்திரம் ஏதாவது இருக்கிறதா?"

இருக்கிறது,
போர்கில்டுடையது, மேல் அலமாரியில்.
ஒன்பது உருளைக்கிழங்கு கொள்ளும்.
இறக்கத்தான் இன்னொரு ஆள் வேண்டும்,
அவ்வளவு கனம்.