தார்ரோட்டுப் பொத்தை

எடைமேடைக்குப் பக்கத்துத் தகரக் கொட்டகையில்
லாரி எண்ணும் டன்னும் எழுதிக்கொண்டிருந்தேன்.
நாளைக்கு அறுபது லோடு.
எல்லாம் களியக்காவிளை தாண்டிப் போகும்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்த கையோடு
தேவஇரக்கம் வருவார்.
மின்வாரியத்தில் மீட்டர் கணக்கு எடுக்கிறவர்.
வெள்ளைச் சட்டையை மடித்து வண்டிப் பெட்டிக்குள் வைத்துவிட்டு
பனியனோடு பொத்தை ஏறுவார்.
பழைய ரேடியோவில் கழற்றிய காந்தம்,
அதில் கட்டிய தையல்நூல்,
கொத்தனாரிடம் கடன் வாங்கிய டேப்பு,
பாதி எழுதிய நோட்டு.

பொத்தையில் ஒரு கருப்புப் பட்டை,
அடியிலிருந்து உச்சி வரை, மாட்டுவண்டி அகலம்.
ஊரில் அதற்குத் தார்ரோடு என்று பேர்.
மழை விழுந்தால் மற்ற பாறையெல்லாம் பழுப்பாய் நனையும்,
அது மட்டும் எருமை முதுகாய் மினுங்கும்.

அதன் பக்கத்தில் நூலைத் தொங்கவிட்டு
மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பார்.
காந்தம் மெதுவாய்
அந்தப் பக்கம் சாயும்.
"பாத்தீரா வே" என்பார்
ஆள் இல்லாத இடத்தில்.

ஒருநாள் என்னிடமே சொன்னார்:
"இது எரிமலை ஆகாமப் போன எரிமலை.
அடியிலேருந்து தீக்குழம்பா ஏறி வந்துருக்கு.
மேல கிடந்த பாறை வழி விடல.
வெடிப்புக்குள்ளயே ஆறி நின்னுட்டு.
எத்தன கோடி வருசம்னு
எனக்குக் கணக்கு சரியாத் தெரியாது."
ஓரத்தைத் தடவச் சொன்னார். வழவழவென்றிருந்தது.
"சட்டுனு ஆறுன இடம் அது.
நடுவுல தொட்டுப் பாரும், குருணை குருணையா இருக்கும்,
அங்க சூடு போக நேரமாயிருக்கு."
தோசைக்கல்லைப் பற்றிப் பேசுகிற மாதிரிதான் பேசினார்.

நான் சிரித்துவைத்தேன்.
எங்கள் முதலாளிக்கும் அந்தப் பட்டைமேல்தான் கண்.
பாளமாய் அறுத்து பாலிஷ் போட்டால்
கல்லறைக்கு நல்ல விலை.

மனுமேல் மனு. கொக்கிரகுளத்தில் திங்கள்தோறும் வரிசை.
கடைசியில் பல்கலைக்கழகத்திலிருந்து ஒரு அம்மா வந்தார்.
சுத்தியலால் தட்டினார், லென்ஸ் வைத்துப் பார்த்தார்.
"இது அபூர்வம் ஒண்ணும் இல்லீங்க,
தமிழ்நாட்டுல இந்தமாதிரி நிறைய இருக்கு."
"இருக்கட்டும்மா," என்றார் தேவஇரக்கம்,
"எங்க ஊர்ல ஒண்ணுதான் இருக்கு."
அந்த அம்மா ஜீப்பில் ஏறிப் போய்விட்டார்.
ஜெயித்தோம் என்று நாங்கள் புரோட்டா வாங்கித் தின்றோம்.

அம்மன் கொடை ராத்திரி,
மேளச் சத்தத்தில் கடப்பாரை கேட்காது என்று
சர்வே கல்லைப் பிடுங்கி
தார்ரோட்டுப் பக்கமாய் நகர்த்தி நட்டோம்.
நட்டது மூன்று பேர்.
மண்ணை மிதித்து இறுக்கியது நான்.

விசாரணை நாளில் அவர் எரிமலை பற்றிப் பேசவே இல்லை.
நோட்டை விரித்தார்.
பதினொரு வருசம், ரெண்டு மாதத்துக்கு ஒரு தடவை
சர்வே கல்லிலிருந்து கருப்புப் பட்டை ஓரம் வரை.
முன் ரீடிங், பின் ரீடிங், வித்தியாசம்.
ஏப்ரல் இருநூற்றுப் பன்னிரண்டடி. வித்தியாசம் இல்லை.
ஜூன் இருநூற்றுப் பன்னிரண்டடி. வித்தியாசம் இல்லை.
ஆகஸ்ட் நூற்று அறுபத்துநான்கு.
"பொத்தை நடக்காதுய்யா" என்றார்.
அவ்வளவுதான் அவர் பேசியது.

கிழக்குப் பக்கம் இப்போது பச்சைத் தண்ணீர்க் குழி.
பையன்கள் குதிக்கிறார்கள், போன வருசம் ஒருவன் ஏறி வரவில்லை.
மேற்கே பாதிப் பொத்தையும்
முழுத் தார்ரோடும் இருக்கிறது.
நான் வேறு கிரஷரில் வேறு தகரக் கொட்டகையில்
அதே டன் எழுதுகிறேன்.

போன வாரம் வீட்டுக்கு மீட்டர் பார்க்க வந்தார்.
அட்டையை வாங்கி, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி,
பல்லி எச்சத்தை விரலால் துடைத்துவிட்டுப் படித்தார்.
எழுதினார். திருப்பிக் கொடுத்தார்.
"போன தடவைக்கு நாப்பத்தெட்டு கூட வே" என்றார்.

அட்டையைக் கூட்டிக் கழித்துப் பார்த்தேன்.
சரியாகத்தான் இருந்தது.
வண்டிச் சத்தம் தெருமுனை திரும்பும் வரை
வாசலிலேயே நின்றேன்,
செருப்பில்லாத காலோடு.