தடம் சுருக்கப்பட்டது

முழங்கால் சொல்கிறது: உட்கார்.
சர்க்கரை சொல்கிறது: நட.
இதயம் சொல்கிறது: நட, ஆனால்
மூச்சு வாங்கினால் நில்.
சிறுநீரகம் வாய் திறப்பதே இல்லை.
அதற்கான எண்களை மட்டும்
தாளில் அச்சடித்துத் தருகிறார்கள்.

வூச் நகரம். லிஃப்ட் இல்லாத கட்டடம்.
நான்காம் மாடி, எழுபத்திரண்டு படி.

எனக்கு மூன்று மருத்துவர்கள்.
மூன்று தெருக்களில் மூன்று கதவுகள்.
ஒருவர் முகத்தை இன்னொருவர் பார்த்ததில்லை.
அவர்கள் கூடும் ஒரே இடம்
என் சமையலறை மேசைமேல்
ஏழு அறை கொண்ட மாத்திரைப் பெட்டி.
உள்ளே சண்டை நடக்கிறது.
வெளியே நான் தேநீர் போடுகிறேன்.

போன ஜனவரியில், பொறுக்க முடியாமல்,
சீட்டில்லாமல் வாங்கினேன் ஓர் இளஞ்சிவப்பு மாத்திரை.
இரண்டு வாரம் படிக்கட்டே சமதரை.
மூன்றாம் வாரம் காலணிக்குள் கால் போகவில்லை.
கணுக்காலை அழுத்தினால்
பிசைந்த மாவில் போலக் குழி.

"முழங்காலுக்குக் கொடுத்தீர்கள்,
சிறுநீரகத்திடம் பிடுங்கி," என்றாள்
வீட்டுக்கு வரும் செவிலி மல்வினா.
திட்டவில்லை.
நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு கேட்டாள்:
"உங்களுக்கு என்ன வேண்டும், பானி ஸெனோபியா?"

பதினொரு வருடம்.
எங்கே வலி, பத்துக்கு எத்தனை வலி,
இவ்வளவுதான் கேட்டிருக்கிறார்கள்.

"பீட்ரூட்," என்றேன்.
சனிக்கிழமைச் சந்தையில், என் கையால் அமுக்கிப் பார்த்து.
எதிர் வீட்டுக்காரர் தங்கமான மனிதர்;
வாங்கி வருவதெல்லாம் வதங்கல்.
அவள் சிரிக்கவில்லை. எழுதிக்கொண்டாள்.

இருபத்தாறு வருடம் டிராம் ஓட்டினவள் நான்.
தண்டவாளம் பிரிகிற இடத்தில்
பனியில் இறங்கி, இரும்புக் கம்பியால் நெம்பி,
வழி மாற்றியிருக்கிறேன்.
எட்டும் பதினைந்தும் ஒரே சந்திப்பில்
மோதாமல் போக
இரண்டுக்கும் நல்ல மனசு தேவையில்லை.
நேர அட்டவணை போதும்.

எழுதினோம், காலண்டரின் முதுகில்.
சந்தை நாளில் நீர் மாத்திரை திரும்பி வந்த பிறகு
(மல்வினா இதய மருத்துவரிடம் தொலைபேசியில் கேட்டாள்;
முதல்முறையாக ஒரு கதவு இன்னொன்றைத் தட்டியது).
கெட்டில் கொதிப்பதற்குள்
கை ஊன்றாமல் எழுந்து, உட்கார்ந்து, எழுந்து:
முதல் வாரம் மூன்று. இப்போது ஒன்பது.
கெட்டில் பழையது, அவசரப்படாது.
வெந்நீர்ப் பையைத் துணியில் சுற்றி
முழங்கையால் தொட்டுப் பார்க்கிறேன்;
சூடு எதுவென்று என் பாதங்களுக்கு
இப்போதெல்லாம் சரியாகத் தெரிவதில்லை.

ஏற நல்ல கால் முன்னே.
இறங்கக் கெட்ட கால் முன்னே.
இரண்டும் கெட்டதுதான்.
வலதை நல்லதாக நியமித்திருக்கிறோம்.

இரண்டாம் மாடித் திருப்பத்தில் ஒரு நாற்காலி கேட்டேன்.
கட்டடச் சங்கம் நான்கு மாதம் விவாதித்தது.
லுடோமிர் விவாதிக்கவில்லை; தன் கதவருகே
மடக்கு முக்காலியை ஆணியில் மாட்டினார்.
அவருக்கு நுரையீரல்.
முறை வைத்து உட்கார்கிறோம்.

போன சனிக்கிழமை முப்பத்தோராம் படியில்
இடது கால் பூட்டிக்கொண்டது.
போலிஷில் உள்ள அத்தனை வசவும் சொன்னேன்.
பிறகு மேலே ஏறினேன்.
பனி கொட்டினால் டிராமும் பாதியில் திரும்பும்.
தோல்வி என்று யாரும் எழுதுவதில்லை.
'தடம் சுருக்கப்பட்டது' என்று
கண்ணாடியில் ஒரு பலகை வைப்பார்கள்.
காலண்டரில் அதையே எழுதினேன்.

இன்று இறங்கிவிட்டேன்.
இரண்டு நிறுத்தம். ஓட்டுநர் பிரேக்கை முரட்டுத்தனமாகப் பிடிக்கிறான்,
சொல்லவில்லை.
பீட்ரூட் குவியல்: மண்ணோடு, கல்லாக, குளிர்ந்து.
பன்னிரண்டை அமுக்கிப் பார்த்து மூன்று எடுத்தேன்.

"மூன்றுதானா?" என்றாள் விற்கிறவள்.
"நான்காம் மாடி," என்றேன்.

தலையை ஆட்டிவிட்டு
இலைகளை முறித்துப் போட்டாள்,
எடை குறைய.