தண்ணீர்ப் பதிவேடு

ஞாயிற்றுக்கிழமை, காந்தி வீதி நடைபாதையில்
பழைய ஜீன்ஸ் குவியலுக்கும் பிளாஸ்டிக் வாளிகளுக்கும் நடுவே
நாற்பது ரூபாய்க்கு வாங்கினேன் லுக்குல்லுஸை.
பிரெஞ்சுப் பள்ளிக்கூடப் புத்தகம். முன்னட்டை இல்லை.
பின்பக்கங்களைக் கரையான் படித்துக்கொண்டிருந்தது.

நானும் பட்டாளத்தான்தான்.
பதினேழு வருஷம் பிரான்சுக்காரன் சீருடை,
அதில் ஆறு, சாடு நாட்டு மணலில்.
சுட்டது கொஞ்சம், எண்ணியது அதிகம்:
ரொட்டி, டின் மீன், டீசல்,
ஆளுக்கு எட்டு லிட்டர் தண்ணீர்.
ஸ்டோர் சிங்கராயரிடம்
கேப்டன்கூடக் கையெழுத்துப் போட்டுத்தான் சோப்பு வாங்குவான்.

அதனாலேயே அவனைப் பிடித்துப்போயிற்று.
சீசிக்குஸில் அவன் வாளை உருவ அவசரப்படவில்லை.
தானியம் வரும் வழியில் போய் உட்கார்ந்துகொண்டான்.
எதிரில் லட்சக்கணக்கான வயிறு.
மீதியைக் குளிர்காலம் பார்த்துக்கொண்டது.

கடனில் மூழ்கிய ஊர்களில்
மாதம் நூற்றுக்கு ஒன்று, அதற்குமேல் கேட்காதே என்றான்.
ஒரு வட்டி!
ஐந்து வட்டிக்கு வாங்கி ஆட்டோவை இழந்தவன்
முத்தியால்பேட்டை எமிலியான், என் மைத்துனன்.
படித்துக் காட்டினேன்.
"ஆள் எந்தக் கட்சி?" என்றான்.
வட்டிக்காரர்கள் ரோமில் கூடிப் பேசினார்கள்.
அவன் கதை அன்றைக்கே முடிந்தது,
அவனுக்குத் தெரியத்தான் நாலைந்து வருஷம் பிடித்தது.

ஆற்றங்கரையில் ஒருநாள்
இன்றைக்கு ஆகாத நாள் என்றார்கள்.
நம் ஆட்களென்றால் எமகண்டம் கழியட்டும் என்றிருப்பார்கள்.
நல்ல நாளாக்கிவிடுவோம் என்று தண்ணீரில் கால் வைத்தான்.
பொழுது சாய்வதற்குள்
ஒரு ராஜா கிரீடத்தைக் கழற்றிவிட்டு ஓடினான்.

இதுவரை நான் அவன் பக்கம்.

பிறகு பனி.
இன்னும் வடக்கே, இன்னும் ஒரு தலைநகரம் என்றான்.
சிப்பாய்கள் எழவில்லை.
காலிப் பணப்பைகளை அவன் காலடியில் எறிந்தார்கள்,
சம்பாதிக்கத் தெரிந்தவன் நீதானே,
நீயே தனியாகப் போய்ச் சண்டை போடு என்று.

புத்தகத்தை மூடிவிட்டேன்.
அபேஷேயில் ஓர் இரவு
எங்கள் ஆட்கள் இருபத்திரண்டு பேர் லாரி ஏறவில்லை.
கேப்டன் என்னைப் பார்த்தான்.
நான் தண்ணீர்ப் பதிவேட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.
அந்தப் பைகளில் ஒன்று என்னுடையது.

அவன் இடத்துக்கு இன்னொருவன் வந்தான்,
ஆக்கிவைத்த சோற்றுக்கு அகப்பையோடு.
வெற்றி ஊர்வலம் வேண்டி
நகர வாசலுக்கு வெளியே மூன்று வருஷம் நின்றான் இவன்.
இதெல்லாம் எனக்குப் புதிதா?
வருஷாவருஷம் கான்சலேட் வரிசையில் நிற்கிறேன்,
நான் உயிரோடிருப்பதை நானே நேரில் வந்து சொல்ல.
கண்ணாடிக்கு அந்தப் பக்கத்துப் பெண்
என்னையும் என் போட்டோவையும் மாறிமாறிப் பார்த்து
அரை மனதோடு முத்திரை குத்துகிறாள்.

கடைசியில் தோட்டம்.
மலையைக் குடைந்து கடல்நீர் இழுத்து மீன் வளர்த்தான்.
ஆளில்லாத இரவில் ஒரு வகை குறைந்ததென்று
சமையல்காரனிடம் எகிறினான்.
எனக்கு வீராம்பட்டினத்துச் சங்கரா ஒன்று, அரை எலுமிச்சம்பழம்.
எகிற ஆளில்லை.

பிறந்தநாளுக்குத் துலூசிலிருந்து மகள்
போனிலேயே கேக் அனுப்பினாள்.
உச்சியில் சிவப்பாக ஒரு செர்ரி.
செர்ரியா அது? பாகில் ஊறிய களாக்காய்.
கடைக்காரனுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.
அசல் செர்ரியைக் கருங்கடலோரத்திலிருந்து
ரோமுக்குக் கொண்டுவந்தவன் லுக்குல்லுஸ் என்கிறது
கரையான் விட்டுவைத்த கடைசி வரி.

கொண்டுவந்தவன்.

எவனோ ஒருத்தன் கன்றை ஈரச் சாக்கில் சுற்றியிருப்பான்.
கழுதை முதுகில், கப்பல் மூலையில்
உப்புக்காற்று படாமல் மறைத்திருப்பான்.
யார் பங்கிலிருந்தோ தினம் ஒரு குவளை ஊற்றியிருப்பான்.
அதை எந்தக் கணக்கில் எழுதினான்?

நானென்றால்
'கசிவு' என்று எழுதியிருப்பேன்.