சில்லறை

பதினோராம் பகுதி முடிந்த இரவே எனக்குப் புரிந்துவிட்டது.
தீயவர்களிடம் சாவி இருக்கும்.
நல்லவர்கள் கதவைத் தட்டுவார்கள்.

'கீழ்நதி'யை இன்னொரு முறை பாருங்கள்.
தபால்காரி தட்டுகிறாள். சார்ஜென்ட் ஹாலம் தட்டுகிறார்.
நனைந்து வரும் அந்தக் கறுப்பு நாய்கூட
முன்காலால் இரண்டு தரம்.
டாக்டர் வென்ஸ்லி மட்டும்
எந்த வீட்டிலும் ஏற்கெனவே இருக்கிறார்.
அடுப்பில் கெட்டில் முனகிக்கொண்டிருக்கிறது.

என் பெயர் லோர்னா பைபஸ்.
டாஸ்மேனியாவின் மேற்கில்
வெயிலை விருந்தாளி மாதிரி நடத்தும் ஒரு சுரங்க ஊரில்
மருந்துக்கடைக் கல்லாவில் இருபத்திரண்டு வருஷம்.
எங்கள் ஆறு ஆரஞ்சு நிறத்தில் ஓடும்.
யார் செய்தது என்று எல்லாருக்கும் தெரியும்,
அவர்கள் பெயரில்தான் நீச்சல்குளம்.
என் பிள்ளைகள் இரண்டு பேரும்
அதில்தான் நீந்தப் பழகினார்கள்.

நோட்டில் நல்லவர்கள் பச்சை மையில்.
மற்றவர்கள் சிவப்பில்.
பாதிரியார் மனைவி பென்சிலில்,
நான்கு முறை அழித்து அழித்து
அந்த இடத்தில் தாள் மெலிந்து
அடுத்த பக்கம் தெரிகிறது.

சலவைக்கடை வெல்மா சிரிக்கிறாள்:
நல்லதும் இல்லை கெட்டதும் இல்லை லோர்னா,
எல்லாம் விளக்குப் பிடிக்கிறவன் வேலை,
கீழேயிருந்து அடித்தால் நீயும் பேய்தான்.
அன்றிரவு குளியலறையில்
தாடைக்குக் கீழே டார்ச்சைப் பிடித்துப் பார்த்தேன்.
அவள் சொன்னது சரி.
நோட்டில் அதை எழுதவில்லை.

எனக்கு இரண்டாவது கோட்பாடும் உண்டு.
தீமை ஆள் இல்லை, ஈரம்.
சுவரில் ஏறுவதுபோல் ஏறும்,
முதலில் கணுக்கால்.
வென்ஸ்லி பூட்ஸைக் கழற்றி
யாராவது பார்த்திருக்கிறீர்களா?

ஜூலையில் ஒரு செவ்வாய், மாலை ஐந்தரை.
'மூடியிருக்கிறது' பலகையைத் திருப்பிய பிறகு
தட்டும் சத்தம்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவரே.
அடுத்த பருவத்தின் படப்பிடிப்புக்கு வந்திருக்கிறார்கள் என்று
ஊரெல்லாம் பேச்சு.
குடையில்லை. நான் நினைத்ததைவிடக் குட்டை.
தொண்டைக்கு ஏதாவது வேண்டும், என்றார்,
அடைக்கிற நேரத்தில் தொந்தரவுதான்.
பதினான்கு டாலர் ஐம்பது.
இருபது டாலர் நோட்டை நீட்டிய கை நடுங்கியது.
குளிரோ வயதோ.
ஆனால் அதே கை.
ஒன்பதாம் பகுதியில் மெர்ரினின் சிவப்புத் தொப்பியை
கைக்குட்டை மாதிரி மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்த கை.

ஐந்து டாலரைக் கொடுத்தேன்.
ஐம்பது சென்ட், பன்னிரண்டு முனையுள்ள அந்த நாணயம்,
என் கட்டைவிரலுக்கடியில் தங்கிவிட்டது.
மெர்ரினுக்காக, என்றேன் மனசுக்குள்.
(மெர்ரினாக நடித்த பெண் சிட்னியில் இருக்கிறாள்,
நன்றாகத்தான் இருக்கிறாள்.)

அவர் உள்ளங்கையைப் பார்த்தார்.
பிறகு என்னை.
எண்ணத் தெரிந்தவர்.
நன்றி, என்றார். போகும்போது
கதவு மணி அடிக்காமல் விரலால் பிடித்துக்கொண்டார்.

கல்லாவில் போட்டால் கணக்கு அதிகம் காட்டும்.
வாசலில் நிற்கும் பிளாஸ்டிக் நாயின் தலையில்
பார்வையில்லாதவர்களுக்கான உண்டியல்,
அதன் துவாரம்வரை கொண்டுபோனேன்.
முடியவில்லை, காரணம் கேட்காதீர்கள்.
ஏப்ரனில் போட்டுக்கொண்டு
விளக்கணைத்துக் கடையைப் பூட்டினேன்.
சாவி இருபத்திரண்டு வருஷமாக
என்னிடம்தான்.

சனிக்கிழமை வெல்மா
துவைத்த ஏப்ரனைத் தந்தாள். பில்லோடு
டேப் ஒட்டி ஒரு நாணயம்.
உன் பையில் கிடந்தது, என்றாள்,
உன்னுடையதுதானே?

மறு வருஷம் புதிய பருவம் தொடங்கியது.
முதல் காட்சியில் மழை.
டாக்டர் வென்ஸ்லி ஒரு கதவைத் தட்டுகிறார்.
நிற்கிறார். மறுபடி தட்டுகிறார்.
உள்ளே விளக்கு எரிகிறது, யாரும் திறக்கவில்லை.

சோபா இடுக்கில் கைவிட்டு
பென்சிலைத் தேடிக்கொண்டிருந்தேன்.