நாற்பது வெள்ளி டீசல்

பேனரில் அறுநூறு கிலோமீட்டர், ஒன்பது நாள்,
டயாலிசிஸ் மெஷின் வாங்க.

சிலிம் ரிவர் எண்ணெய் ஸ்டேஷனில்
எனக்கு நைட் ஷிப்ட்.
மூன்று மணிக்கு வந்து நின்ற வேனின் பின்சீட்டில்
வாய் பிளந்து தூங்கியது
சத்தியமாய் அந்த லோகேந்திரன்தான்.
நாற்பது வெள்ளிக்கு டீசல்.
டிரைவர் ரசீதை விட்டுப் போய்விட்டார்.

விடிந்ததும் டவுனில் உறுமி, மாலை.
நொண்டிக்கொண்டே ஓடி வந்தான்.
நொண்டல் நிஜம்போலத்தான் இருந்தது.
செம்பனை லாரிகள் ஹாரன் அடித்தன.
மைலோ டின்னில் நானும் பத்து போட்டேன்,
ஏன் என்று கேட்காதே.

ரசீது இன்னும் என் பர்சில்.
எழுத்து மங்கிவிட்டது.

செவ்வாய், வியாழன், சனி
தம்பி புது மெஷினில் படுக்கிறான், நாலு மணி நேரம்.
நேற்று கேட்டான்:
“அக்கா, அவரு முழுசும் ஓடுனாரா?”

குழாயில் சிவப்பு.
“ஓடுது பாரு” என்றேன்.