தண்ணீர் மாற்றிய இடங்கள்

பிரகாவில் வீட்டைப் பூட்டும்போது காலை ஐந்து மணி.
பின்னிருக்கையில் பெனெதித்தா, தெல்மோ.
இருவருக்கும் நடுவே, மூடி போட்ட நீல வாளியில்
காட் மீன் கருவாடு.

"இத்தாலியில் மீனா கிடைக்காது?" என்றேன்.
"கிடைக்கும். நம்முடையது கிடைக்காது" என்றான் பல்தசார்.
இரண்டு நாள் ஊற வேண்டும்.
ஆறு மணி நேரத்துக்கு ஒரு தரம் தண்ணீர் மாற்ற வேண்டும்.
கிறிஸ்துமஸுக்கு முந்திய இரவு
எந்தக் கூரையின் கீழ் இருந்தாலும்
உருளைக்கிழங்கு, முட்டைக்கோஸ், இது.
அதில் பேச்சுக்கே இடமில்லை.

காஸ்தீலியச் சமவெளி. பனி வெளுத்த வயல்.
வானொலியில் மாட்ரிட் லாட்டரிக் குலுக்கல்.
பள்ளிப் பிள்ளைகள் எண்ணையும் பரிசையும்
ராகம் போட்டு இழுத்துக்கொண்டே இருந்தார்கள்
நூறு கிலோமீட்டர், இருநூறு கிலோமீட்டர்,
ஆயிரம் யூரோ, ஆயிரம் யூரோ.
எங்களிடம் சீட்டு இல்லை.
இருந்தும் அவன் சத்தத்தைக் கூட்டினான்.

பூர்கோஸ் தாண்டி, பெட்ரோல் நிலையக் கழிப்பறையில்
முதல் மாற்றம்.
பல் துலக்கிக்கொண்டிருந்த லாரிக்காரர்
நுரை வாயோடு ஒதுங்கி இடம் விட்டார்,
யாரோ கைக்குழந்தையைக் குளிப்பாட்ட வந்ததுபோல.

சரகோசா விடுதியில் பணம் கட்ட
அவன் கோட்டுப் பையில் அட்டையைத் தேடினேன்.
நான்காக மடித்த கடிதம் கையில் வந்தது.
கிமராயிஸ் காலணித் தொழிற்சாலையின் முத்திரை.
நவம்பர் முப்பதோடு சரி.
மூன்று வாரமாக
ஏழரை மணிக்குச் சாப்பாட்டு டப்பாவோடு
எங்கே போய் வந்தான்?
மடிப்பு மாறாமல் திருப்பி வைத்தேன்.
அன்றிரவு குளியல் தொட்டியில் கொட்டிய தண்ணீர்
பால்போலக் கலங்கி இறங்கியது.

ஜிரோனாச் சந்தையில் தெல்மோ ஒரு பொம்மை வாங்கினான்.
சிவப்புத் தொப்பி, இறக்கிய கால்சட்டை,
குந்தி உட்கார்ந்து வெளிக்குப் போகும் குடியானவன்.
பாலன் பிறந்த குடிலில்
ராஜாக்களுக்குப் பின்னால் வைப்பார்களாம்.
"மண்ணுக்கு உரம், வருஷத்துக்கு அதிர்ஷ்டம்"
என்றாள் கடைக்காரி, சிரிக்காமல்.
பதினாலு வயது பெனெதித்தா
எங்களைத் தெரியாதவள்போல் வேறு கடைக்குப் போய்விட்டாள்.
டாஷ்போர்டில் ஒட்டினோம்.
எல்லைக் கணவாயில் காற்று காரைத் தள்ளியபோது
அசையாதவன் அவன் ஒருவன்தான்.

பிரான்ஸில் சுங்கச்சாவடிக்குச் சுங்கச்சாவடி
பல்தசார் சில்லறை எண்ணினான்.
எண்ணுவதை நான் பார்ப்பதை
அவனும் பார்த்தான்.
"அடுத்த வருஷம் கிரீஸ்" என்றான்.
"ஆகட்டும்" என்றேன்.

நீம் நகருக்கு முன்னால் ஓர் இளைப்பாறுமிடம்.
வாகன விளக்குகள் தவிர இருட்டு. மிஸ்ட்ரல் காற்று.
பிள்ளைகள் தூக்கம்.
அவன் வாளியைச் சாய்த்தான்,
துண்டுகள் விழாமல் நான் பிடித்துக்கொண்டேன்.
விரல் விறைத்தது.
ஒரு விள்ளல் கிள்ளிப் பச்சையாக வாயில் போட்டேன்.
அப்படித்தான் பார்ப்பது.

"இன்னும் இருக்கிறதா?"
"இருக்கிறது."
பிறகு, "எனக்குத் தெரியும்" என்றேன்.
வாளி அவன் கையிலேயே இருந்தது.
"எப்போதிலிருந்து?"
"சரகோசா."
குழாயைத் திறந்தான். நிரம்பட்டும் என்று நின்றோம்.
"பகலெல்லாம் நூலகத்தில் இருந்தேன். கதகதப்பாக இருக்கும்."
"சாப்பாடு?"
"வெளியே, படிக்கட்டில்.
ஒரு பூனை பழகிவிட்டது."

வெந்திமீலியா வாடகை வீட்டில் அடுப்பு
எட்டு மணிக்குத்தான் பற்றியது.
ஆலிவ் எண்ணெயைக் கணக்குப் பார்க்காமல் ஊற்றினேன்.
முதல் வாயிலேயே பெனெதித்தா "உப்பு" என்றாள்.
யாரும் மறுக்கவில்லை, யாரும் நிறுத்தவுமில்லை.
தெல்மோ குடியானவனைத் தட்டருகே குந்தவைத்து
அவனுக்கும் ஒரு கிழங்கு கேட்டான்.
பல்தசார் கிண்ணத்தைக் கிளறி,
பெரிதாகப் பார்த்து ஒன்று எடுத்து வைத்தான்.